ஆமென் முதல் அமீனா வரை

கிறித்தவர் மன்றாடி முடிக்கையில் ஆமென் என்கிறார்கள். இசுலாமியர் அல்ஃபாத்திஹா ஓதி நிறுத்தியதும் ஆமீன் என்கிறார்கள். யூதர் தம் தொழுகைக் கூடத்தில் ஆமேன் என்று நெடில் இரண்டையும் இழுத்துச் சொல்கிறார்கள். மூன்றும் ஒரு சொல்தான் என்பதைக் காதே சொல்லிவிடும். காது சொல்லாமல் விடுவது வேறொன்று. நம்பிக்கை என்ற பொருளில் திருக்குர்ஆன் ஆளும் ஈமான், நபிகள் நாயகத்தின் தாயார் பெயரான ஆமினா, தமிழக முசுலிம்கள் அடைக்கலப் பொருளுக்கு வழங்கும் அமானிதம், உரிமையியல் நீதிமன்றத்திலிருந்து ஜப்தி ஆணையோடு வந்து வாசலில் நிற்கும் அமீனா, இவையெல்லாம் அந்த ஆமெனோடு ஒரே கொடியில் பூத்தவை. சொற்களை நேசிக்கும் நண்பரே, இந்தக் கொடியை வேரிலிருந்து கொஞ்சம் பொறுமையாகப் பின்தொடர்ந்து பார்ப்போம். விவிலியமும் குர்ஆனும் நம்பிக்கையையும் கீழ்ப்படிதலையும் எங்கே சேர்த்துக் கட்டுகின்றன, எங்கே பிரித்து வைக்கின்றன என்பது அந்த வழியிலேயே தெரியும்.

எபிரேயமும் அரபியும் சொல்லை மூன்று மெய்களில் ஊன்றி, உயிர்களை மாற்றி மாற்றிப் பொருளை வளர்க்கும் மொழிகள். இங்கே அந்த மூன்று மெய்கள் எபிரேயத்தில் ஆலெஃப், மேம், நூன். அரபியில் அலிஃப், மீம், நூன். எழுத்துகளின் பெயர்கூட ஏறக்குறைய ஒன்றுதான். இவ்வேரின் அடிப்படைப் பொருள் உறுதி, அசையாமை. மனத்தளவில் ஏற்றுக்கொள்ளுதல் என்ற பொருள் பிறகு வந்தது; முதலில் இருந்தது கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய உறுதி. அரசர் இரண்டாம் நூல் 18ஆம் அதிகாரத்தில், அசீரிய மன்னனுக்குக் கப்பம் கட்ட வழியில்லாத எசேக்கியா, கோவில் கதவுகளின் பொன்னையும் நிலைக்கால்களின் தகட்டையும் உரித்துக் கொடுக்கிறான். அந்த நிலைக்கால்களுக்கு எபிரேயம் ஆளும் சொல் இவ்வேரில் பிறந்தது. பிள்ளையைத் தூக்கிச் சுமக்கும் வளர்ப்புத் தந்தைக்கு ஓமேன் என்றும், ரூத்தின் குழந்தையை மடியில் ஏந்திக்கொள்ளும் நகோமிக்கு ஓமெனெத் என்றும் பெயர். அகராதியாளர் பலர் இவற்றையும் இதே வேரில்தான் சேர்க்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று யாத்திராகமம் 17இல் இருக்கிறது. அமலேக்கியரோடு போர் நடக்கிறது. குன்றின் மேல் நிற்கும் மோசே கையை உயர்த்தியிருக்கும்வரை இஸ்ரயேலர் கை ஓங்குகிறது. கை சோர்ந்து தாழ்ந்தால் எதிரி முந்துகிறான். வயதானவர், எவ்வளவு நேரம்தான் தூக்கிப் பிடிப்பார்? அவரை ஒரு கல்லில் உட்கார வைத்து, இப்பக்கம் ஆரோனும் அப்பக்கம் ஊர் என்பவரும் நின்று கைகளைத் தாங்குகிறார்கள். பொழுது சாயும்வரை அவர் கைகள் 'எமுனா' ஆக இருந்தன என்கிறது மூலம். தமிழில் அதை 'அசையாமல் நிலையாக' என்றுதான் பெயர்க்க முடியும். பின்னாளில் அபகூக்கு இறைவாக்கினர், நேர்மையாளன் எதனால் வாழ்வான் என்று சொல்லவரும்போது இதே எமுனாவை எடுத்தாள்கிறார். பவுல் அதைக் கிரேக்கத்தில் 'நம்பிக்கை' என்று எடுத்தாண்டு, ரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் வாசலிலேயே வைக்கிறார். கிறித்தவ இறையியலின் மாபெரும் சொல் தொடங்கிய இடம், ஒரு முதியவரின் நடுங்காத கை. அந்தக் கையையும் இரண்டு பேர் தாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

வேர் உறுதி என்றால் வினை என்ன? எபிரேயத்தில் 'நம்பு' என்பதற்கான ஹெஎமீன் பிறவினை வடிவம். நிற்கச் செய், உறுதியாக்கு என்று விரியும் அமைப்பில் அமைந்து, ஒருவரை உறுதியானவராகக் கொள்ளுதல் என்ற பொருளைத் தருகிறது. அதே வேரின் மற்றொரு வடிவம் 'நிலைபெறு' என்ற தன்வினைப் பொருள் தரும். எசாயா இந்த இரண்டையும் ஒரே மூச்சில் மோதவிடுகிறார். கி.மு. 8ஆம் நூற்றாண்டு, இரண்டு அண்டை அரசர்கள் கூட்டுச் சேர்ந்து எருசலேம் மேல் படையெடுத்து வருகிறார்கள், காட்டு மரங்கள் காற்றில் ஆடுவதுபோல் ஆகாசு மன்னனின் நெஞ்சும் அவன் மக்களின் நெஞ்சும் ஆடின என்கிறது 7ஆம் அதிகாரம். அந்த ஆட்டத்துக்கு எதிரே வந்து நின்ற எசாயா சொல்வதன் சாரம்: நீங்கள் நம்பி ஊன்றாவிட்டால், ஊன்றி நிலைக்கமாட்டீர்கள். மூலத்தில் இரண்டு வினைகளும் உயிரொலிகளின் வேறுபாட்டில் மட்டும் பிரிந்து எதிரொலிக்கின்றன. பெயர்ப்புகளில் கருத்து வந்துவிடுகிறது, ஒலி வருவதில்லை. மரம் ஆடும் உவமையைச் சற்று முன்பே நட்டுவைத்துப் பிறகு வேரூன்றும் சொல்லைத் தந்த அந்தக் கலைத்திறம் எபிரேயக் காதுக்கு மட்டுமே கிட்டியது.

ஆமென் இந்த வேரிலிருந்து கிளைத்த இடைச்சொல். ஒருவர் சொன்னதை மற்றவர் தம்முடையதாக ஏற்றுக்கொள்ளும் மறுமொழி அது. இணைச்சட்டம் 27இல் லேவியர் ஒவ்வொரு சாபமாக உரக்கக் கூற, மக்கள் பன்னிரண்டு முறை ஆமென் என்கிறார்கள். அந்தப் பன்னிரண்டும் வேண்டுதலின் முத்தாய்ப்புகளாக அமையவில்லை. இந்தக் கட்டளையை மீறினால் இந்தச் சாபம் எனக்கு ஆகட்டும் என்ற ஒப்புதல்கள் அவை. ஆக, ஆமென் தன் இளமையிலேயே கீழ்ப்படிதலின் கையொப்பமாகவும் இருந்திருக்கிறது. இதைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள் பல இடங்களில் 'ஆகுக' என்று பொருள்படும் சொல்லை இட்டார்கள். நம் 'ஆம்' என்பதும் 'ஆகும்' என்பதன் சுருக்கமே ஆதலால், ஆமெனும் ஆமும் உறவு என்று சிலர் மகிழ்ந்து எழுதிவிடுகிறார்கள். ஒலி ஒத்திருக்கிறது, பொருளும் ஓரளவு ஒத்திருக்கிறது, உறவு மட்டும் இல்லை. நம்முடையது 'ஆ' என்னும் வினையடியில் பிறந்தது. அவர்களுடையது உறுதியில் பிறந்தது. தமிழுக்குப் பெருமை சேர்க்கப் பொய்யுறவு தேவையில்லை.

நற்செய்திகளில் இந்தச் சொல் இடம் மாறுகிறது. பிறர் பேச்சின் இறுதியில் வரவேண்டிய ஆமெனை இயேசு தம் பேச்சின் முதலில் வைக்கிறார். யோவான் நற்செய்தியில் அது இரட்டித்து, 'ஆமென், ஆமென்' என்று 25 இடங்களில் வருகிறது. பழைய தமிழ்ப் பெயர்ப்பு இதை 'மெய்யாகவே' என்றது. 1995இல் வந்த திருவிவிலியம் 'உறுதியாக' என்கிறது. முதலாவது பொருளைப் பிடித்தது; இரண்டாவது வேரையே தொட்டுவிட்டது. புதிய ஏற்பாட்டின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில், 3ஆம் அதிகாரத்தில், சொல் மேலும் ஒரு படி ஏறிப் பெயராகிவிடுகிறது: ஆமென் என்பவர் என்று கிறித்துவே அழைக்கப்படுகிறார்.

அரபியிலும் இவ்வேர் பெயராகிறது, அதுவும் திருக்குர்ஆன் இறங்குவதற்கு முன்பே. ஆமினாவின் மகன் முகம்மதை மக்கத்து மக்கள் அல்-அமீன் என்று அழைத்தார்கள். ஆமினா என்றால் அச்சமின்றிப் பாதுகாப்பாய் இருப்பவள். அமீன் என்றால் நம்பி ஒப்படைக்கத் தக்கவன். தாய்க்கும் மகனுக்கும் ஒரே வேரில் பெயர் வாய்த்தது, ஒருவருக்குப் பெற்றோர் இட்டும் மற்றவருக்கு ஊரார் இட்டும். மக்காவின் இறையில்லமான கஅபாவை அவ்வூர்க் குறைசியர் புதுப்பித்துக் கட்டியபோது, கருங்கல்லை அதன் இடத்தில் வைக்கும் சிறப்பு யாருக்கு என்று குலங்களுக்குள் பூசல் மூண்டு வாளெடுக்கும் நிலை வந்தது. இந்த வாயிலில் முதலில் நுழைபவர் தீர்ப்புச் சொல்லட்டும் என்று உடன்பட்டுக் காத்திருக்க, நுழைந்தவர் முகம்மது. இதோ அல்-அமீன், இவர் தீர்ப்பு எங்களுக்குச் சம்மதம் என்று அவர்கள் மகிழ்ந்ததாக நபி வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவர் ஒரு துணியை விரித்துக் கல்லை அதன் நடுவில் வைத்து, குலத்துக்கு ஒருவராக ஓரங்களைப் பிடித்துத் தூக்கச் சொல்லி, உயரத்துக்கு வந்ததும் தம் கையால் எடுத்துப் பொருத்தினார். பிற்காலத்தில் மதீனாவுக்குப் புறப்பட்ட இரவில்கூட, தம்மைக் கொல்லத் தேடிய ஊராரின் அடைக்கலப் பொருள்களைத் திருப்பித் தரத் தம் உறவினர் அலீயை மக்காவிலேயே விட்டுச் சென்றார். அந்தப் பொருள்களின் பெயர் அமானத்.

திருக்குர்ஆன் 59ஆம் அத்தியாயத்தின் இறுதியில் வரும் இறைத் திருப்பெயர்களுள் அல்-முஃமின் என்பதும் ஒன்று. நம்பிக்கையாளனாகிய மனிதனுக்கும் முஃமின் என்றே பெயர். மனிதன் இறைவனை நம்பி ஊன்றுவதால் முஃமின். இறைவன் மனிதனுக்கு அச்சமின்மையும் காப்பும் அருளுவதால் முஃமின். கொடுப்பவனுக்கும் கொள்பவனுக்கும் ஒரே பெயரைத் தந்துவிட்டு, திசையை மட்டும் வேறாக்கும் இந்த அமைப்பை நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது.

இனி ஈமானும் இஸ்லாமும் ஒன்றா என்ற கேள்விக்கு வருவோம். இஸ்லாம் ஸீன், லாம், மீம் என்னும் வேரில் பிறந்தது. முழுமை, நலம், அமைதி அதன் பொருள். சலாமும் எபிரேயச் சாலோமும் அதன் உறவுகள். அதன் நான்காம் வினையமைப்பான 'அஸ்லம' தன்னை முழுதாக ஒப்படைத்தலைக் குறிக்கும். 'ஆமன' என்பதும் அதே நான்காம் அமைப்புத்தான். ஆகவே இஸ்லாம், ஈமான் இரண்டும் ஒரே அச்சில் வார்த்த தொழிற்பெயர்கள். ஜிப்ரீல் நபிமொழி என்று புகழ்பெற்ற அறிவிப்பில் இவற்றோடு இஹ்ஸான் என்ற மூன்றாவதும் சேர, மூன்றும் இயைபுத் தொடைபோல ஒலிக்கின்றன. அச்சு ஒன்றாயினும் சரக்கு வேறு என்பதை 49ஆம் அத்தியாயத்தின் 14ஆம் வசனம் கறாராகக் காட்டுகிறது. பாலைநில அரபியர் சிலர் வந்து 'ஆமன்னா', நாங்கள் ஈமான் கொண்டோம், என்கிறார்கள். அப்படிச் சொல்லாதீர்கள், 'அஸ்லம்னா', பணிந்தோம், என்று சொல்லுங்கள். ஈமான் இன்னும் உங்கள் உள்ளத்துக்குள் நுழையவில்லை என்று விடை வருகிறது. உடல் முதலில் பணிகிறது. உறுதி பின்னே உள்ளே வரவேண்டியிருக்கிறது. பணிந்ததை அந்த வசனம் பழிக்கவில்லை; இறைவனுக்கும் தூதருக்கும் கீழ்ப்படிந்தால் உங்கள் செயல்களில் எதுவும் குறைக்கப்படாது என்று தொடர்ந்து தேற்றுகிறது.

பவுல் வேறு வழியில் நடக்கிறார். ரோமையர் திருமுகத்தின் முதல் அதிகாரத்திலும் கடைசி அதிகாரத்திலும் 'நம்பிக்கையின் கீழ்ப்படிதல்' என்ற தொடரை வைத்து முழு மடலையும் அதற்குள் அடக்குகிறார். அந்த ஆறாம் வேற்றுமையை நம்பிக்கையால் விளையும் கீழ்ப்படிதல் என்று விரிப்பதா, நம்பிக்கையாகிய கீழ்ப்படிதல் என்று விரிப்பதா என்று உரையாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எப்படி விரித்தாலும் பவுலுக்கு நம்பிக்கைதான் முன்னே நடக்கிறது. யாக்கோபு திருமுகமோ செயலற்ற நம்பிக்கை பிணம் என்கிறது. பேய்களும் நம்பி நடுங்குகின்றன என்கிறது. ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் ஆண்டவரை நம்பினான் என்று நம் ஹெஎமீன் வரும் ஒரே தொடரை இருவருமே சான்று காட்டி, இரண்டு திசையில் இழுக்கிறார்கள். பவுல், பார், நம்பிக்கை போதும் என்கிறார்; யாக்கோபு, பார், மகனைப் பலிமேடையில் கிடத்தியபோதுதான் அந்த நம்பிக்கை முழுமை பெற்றது என்கிறார். குர்ஆன் 37ஆம் அத்தியாயத்தில் அதே பலிக் காட்சி வருகையில் 'அஸ்லமா' என்று இருமை எண்ணில் வினை வருகிறது: தந்தையும் மகனும் இருவருமாகப் பணிந்தார்கள். ஒருமை, பன்மை என்ற இரண்டே உள்ள நம் மொழியில் அந்த இருமையின் நெருக்கத்தை 'இருவரும்' என்று தனிச்சொல் இட்டுத்தான் காட்ட வேண்டும்.

வாயளவு நம்பிக்கையை இரு மறைகளும் ஒரே கடுமையோடு நோக்குகின்றன. குர்ஆனின் 10ஆம் அத்தியாயத்தில் கடல் மூடும் நொடியில் எகிப்து மன்னன் ஃபிர்அவ்ன் ஈமான் கொண்டேன் என்கிறான், முசுலிம்களில் ஒருவன் என்றும் சொல்கிறான். இரண்டு பெருஞ்சொற்களும் அவன் வாயில் சரியாகவே வருகின்றன. இப்போதுதானா என்ற கேள்வியே விடையாகக் கிடைக்கிறது. ஆண்டவரே என்று அழைப்பவரெல்லாம் விண்ணரசுக்குள் வரமாட்டார், தந்தையின் விருப்பப்படி நடப்பவரே வருவார் என்ற மத்தேயு 7ஆம் அதிகாரக் கருத்தை இதன் அருகே வைத்துப் படிக்கலாம். மாறாக, குர்ஆனின் 3ஆம் அத்தியாயத்தில் இயேசுவின் சீடர்கள் இறைவனை நம்பினோம், நாங்கள் முசுலிம்கள் என்பதற்கு நீரே சான்றாயிரும் என்று சொல்லும்போது, அதே இரண்டு சொற்களும் இணைந்து நிறைகின்றன. கிறித்து யார் என்பதில் இரு மறைகளுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. அதைச் சொல்லொப்புமையால் மூடிவிட முடியாது, மூடவும் கூடாது. அந்தச் சீடருக்குக் குர்ஆன் தரும் ஹவாரிய்யூன் என்ற பெயர், திருத்தூதரைக் குறிக்கும் எத்தியோப்பியச் சொல்லிலிருந்து வந்தது என்று மொழிநூலார் கருதுவதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

கீழ்ப்படிதலுக்கு இம்மொழிகள் தேர்ந்த உறுப்பு காது. எபிரேயத்தில் 'ஷமா' என்றால் கேள். கீழ்ப்படி என்றும் அதுவே. இணைச்சட்டம் 6ஆம் அதிகாரத்தில் யூதரின் தலையாய அறிக்கை அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. கிரேக்கத்தில் கீழ்ப்படிதல் என்பதே 'கீழ்' என்ற முன்னொட்டோடு 'கேள்' என்ற வினை சேர்ந்து அமைந்தது. குர்ஆனின் 2ஆம் அத்தியாய இறுதியில் நம்பிக்கையாளர் வாயில் 'சமிஃனா', 'அதஃனா', செவியேற்றோம், கீழ்ப்படிந்தோம், என்ற இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. அதே அத்தியாயத்தில் முன்னதாக, செவியேற்றோம் ஆனால் மாறுசெய்தோம் என்றவர்களும் வருகிறார்கள். தமிழனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பிள்ளை சொன்னபடி கேட்கிறானா என்றால் அவன் காதைப் பற்றியா பேசுகிறோம்?

பவுலின் கிரேக்கத்தில் நம்பிக்கைக்குரிய 'பிஸ்டிஸ்', இணங்க வைத்தல் என்ற வினையோடு உறவுடையது. கீழ்ப்படியாமைக்கு அதே குடும்பத்தில் 'அபெய்தியா' என்றொரு சொல் உண்டு. இணங்காமை என்பது அதன் நேர்ப்பொருள். யோவான் 3ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், மகனை நம்புகிறவனுக்கு எதிராக நிறுத்தப்படுபவன் கீழ்ப்படியாதவனே. பழைய தமிழ்ப் பெயர்ப்பு அவனை 'விசுவாசியாதவன்' என்று சமன் செய்துவிட்டது. அந்த இடத்தில் நம்பிக்கையின் எதிர்ச்சொல்லாகக் கீழ்ப்படியாமையை வைத்த மூலத்தின் கூர்மை தமிழில் மழுங்கியதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் விசுவாசம் என்ற அந்தச் சொல்லை வெறும் வடசொல் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. மூச்சு விடுதல் என்னும் வினையில் பிறந்து, அஞ்சாமல் மூச்சுவிடும் நிலையைச் சுட்டி, பிறகு நம்பிக்கையானது அது. தமிழுக்கு வந்தபின் உண்ட வீட்டு விசுவாசம், அரச விசுவாசம் என்று மாறாத பற்றையும் குறித்தது. எமுனாவில் நம்பிக்கையும் நம்பத் தகுந்த தன்மையும் ஒன்றாய் இருப்பதுபோல, விசுவாசத்திலும் இரண்டும் இருக்கின்றன. திருவிவிலியம் தேர்ந்த 'நம்பிக்கை' வேறொரு வரலாறு உடையது. தொல்காப்பிய உரியியல் நம்பு என்பதற்கு நசை, அதாவது விருப்பம், என்று பொருள் சொல்கிறது. செமித்தியர் உறுதியிலிருந்து நம்பிக்கைக்கு வந்தார்கள். தமிழர் விருப்பத்திலிருந்து வந்தார்கள்.

நம்மிடம் மூன்றாவது ஒன்றும் உண்டு: தெளிவு, தேற்றம். திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில் தெளிதல் என்றால் ஆராய்ந்து நம்புதல். கலங்கிய நீருள்ள பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து வைத்தால், வண்டல் கீழே படியும், மேலே நீர் தெளியும். கீழ்ப்படிதல், தெளிதல் என்ற இரண்டு தமிழ்ச் சொற்களும் அந்த ஒரே பானையில் நடக்கும் இரண்டு நிகழ்ச்சிகள். ஒன்று நடந்தால் மற்றது நடந்தே தீரும். தேறு என்பதன் பிறவினை தேற்று. தேற்றாவுக்குப் பெயர் வந்த வழி அது. முன்னே படிதல், பின்னே தெளிதல் என்ற அந்த வரிசை, பாலைநில அரபியருக்குச் சொன்ன வசனத்தின் வரிசைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது பாருங்கள்.

வேரின் சில கிளைகள் பாரசீகம், உருது வழியே ஆட்சிமொழியாகவும் தமிழுக்குள் வந்தன. வரி வசூலைக் குத்தகைக்கு விடாமல் அரசே நேரடியாக நடத்திய நிலம் அமானி. ஒப்பந்தத்துக்கு விடாமல் நாட்கூலி கொடுத்து நடத்தும் வேலையும் அமானி. நீதிமன்ற ஆணையை நிறைவேற்றுவதற்காக நம்பி அனுப்பப்படுபவர் அமீன். தமிழ் அதை 'அமீனா' என்று நீட்டிக்கொண்டது. கடன்பட்டவன் கண்ணுக்கு அவர் கட்டிலையும் பீரோவையும் பட்டியல் எழுதிக் கதவில் அறிவிப்பு ஒட்டுகிறவர். சொல்லின் கண்ணுக்கு அவர் நம்பத் தகுந்தவர். அமானிதம் மட்டும் மறையின் மணத்தோடு வந்தது. அடைக்கலப் பொருள்களை உரியவரிடம் ஒப்படையுங்கள் என்று குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் கட்டளையிடுகிறது. வானமும் பூமியும் மலைகளும் சுமக்க அஞ்சி மறுத்த அமானத்தை மனிதன் ஏற்றுக்கொண்டான் என்று 33ஆம் அத்தியாயம் கூறுகிறது. அதனால்தான் தமிழ் முசுலிம் வீடுகளில் பிறர் நகையும் அமானிதம், நம்பிச் சொன்ன மறைபொருளும் அமானிதம். சொல்லிலேயே பொறுப்பு ஒட்டியிருக்கிறது.

அரபு நாட்டுக் கிறித்தவர்கள் தம் விசுவாச அறிக்கையைத் தொடங்குவதும் ஈமானின் வினையில்தான், முடிப்பதும் ஆமீனில்தான் என்பதைச் சேர்த்துக்கொண்டால் குடும்பப் பட்டியல் ஓரளவு நிறையும். ஒன்றை மட்டும் தவறுதலாகச் சேர்த்துவிடக் கூடாது. நீதிமன்ற வளாகத்தில் அமீனாவோடு சேர்ந்தே புழங்கும் ஜாமீன், இந்த வேரில் பிறந்ததில்லை. மீமும் நூனும் பொது என்றாலும் அதன் முதலெழுத்து அலிஃபுக்கு மாறாக ளாத். பொறுப்பேற்றல் என்ற பொருளுடைய வேறொரு வேர் அது.